ஒரு தாலிக்கு ஐந்து கெட்டிமேளம்

1996ஆம் வருஷம் ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி பதினேழு நிமிஷம். முந்தின இரவு ஒரு மழை கொட்டிவிட்டுப் போயிருந்தது. வானம் மூடியே கிடந்தது, இலை அசையவில்லை, புதுச் சட்டை அதற்குள் முதுகில் ஒட்டிவிட்டது. மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், 612 பேர் முன்னிலையில், என் மகள் உமா இன்னும் மணமேடைக்கே வராத நிலையில், அவளுடைய கல்யாணத்துக்குக் கெட்டிமேளம் கொட்டி முடிந்தது.

குற்றவாளி நான்தான். இத்தனை வருஷமாக இதை மற்றவர்கள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் கணக்கைத் தப்பாகச் சொல்கிறார்கள். கூட்டம் ஆயிரத்து இருநூறு பேர் என்கிறான் என் மைத்துனன். 612தான். நாற்காலிகளை எண்ணியவன் நான், நின்றவர்களையும் எண்ணினேன். ஆகவே சரியான கணக்கோடு நானே எழுதிவைத்துவிடுகிறேன்.

கவலைப்படுவதுதான் என் தொழில். சம்பளத்துக்கு அடையாறு பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்தினேன். மற்ற நேரமெல்லாம் கவலை. உமாவுக்கு வரன் நிச்சயமானபோது மற்ற அப்பாக்கள் நகைக்கும் சாப்பாட்டுக்கும் கவலைப்படுவது போல நானும் பட்டேன். அது போதாதென்று எனக்கென்று தனியாக ஒரு கவலையும் கண்டுபிடித்துக்கொண்டேன். கெட்டிமேளம் தாமதமாகிவிட்டால்?

தாலி கட்டும் நேரத்தில் புரோகிதர் ஒரு விரலைத் தூக்கி ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கத்துவார். அந்த நேரத்தில் தும்மலோ அபசகுனமான பேச்சோ யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் அந்த மேளமே. ஆனால் மேளக்காரர்கள் உட்கார்ந்திருப்பது ஹாலின் இன்னொரு மூலையில். கூட்டத்தின் இரைச்சலில் விரலும் தெரியாது, குரலும் கேட்காது. அந்த வைகாசி, ஆனி மாதங்களில் பதினொரு கல்யாணங்களுக்கு ஸ்டாப் வாட்ச்சுடன் போனேன். விரல் ஆடியதிலிருந்து தவிலில் முதல் அடி விழும்வரை சராசரி நான்கு விநாடி. அதிகபட்சம் ஒன்பது (தி. நகரில், தவில்காரர் வெற்றிலை துப்பப் போயிருந்தார்). ஒரு கல்யாணத்தில் அந்த நான்கு விநாடிக்குள், சரியாகத் தாலி ஏறும் நேரத்தில், முன்வரிசையில் ஒருவர் மடியில் காபி கொட்டி, "ஐயோ, போச்சு!" என்றார். எனக்கு மூன்று ராத்திரி தூக்கம் இல்லை.

"இந்த நாலு விநாடியை ஒழிக்கணும்," என்றேன் என் மனைவி கமலாவிடம்.

"புரோகிதர் பக்கத்துல ஒரு சுவிட்ச் வைங்க. தவில்காரர் முன்னால ஒரு பல்பு வைங்க. அமுக்கினா எரியும். போதாதா?"

போதும். இன்று ஒப்புக்கொள்கிறேன், அது போதும். ஆனால் நான் அப்போதுதான் ஆறு வார மாலை வகுப்பில் சேர்ந்து மைக்ரோகன்ட்ரோலர் படித்து முடித்திருந்தேன். நாற்பது கால் உள்ள ஒரு கறுப்புப் பூச்சி அது. உள்ளே ஒரு சின்னக் கணினி. நாம் எழுதிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்யும். ஐம்பத்து மூன்று வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவன் கையில் அதைக் கொடுத்தால், அவன் தண்ணீர் குடிப்பதற்கும் அதைத்தான் பயன்படுத்துவான்.

ஒரே மாதத்தில் கருவி தயார். பெயர் 'முகூர்த்த மித்ரா' (பெயர் வைத்ததும் நான்தான், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது). மேடை அருகே ஒரு தகரப் பெட்டி. அதன் நெற்றியில் சிவப்பு எழுத்தில் மணி காட்டும். பெட்டியிலிருந்து ஒரு கம்பி புரோகிதர் பக்கத்திலிருக்கும் பித்தானுக்கு. இன்னொன்று முப்பத்திரண்டு மீட்டர் ஓடி, தவில்காரர் முன்னாலிருக்கும் சிவப்பு விளக்குக்கும் பள்ளிக்கூட மணி போன்ற ஒரு மின்சார மணிக்கும். பித்தானை அமுக்கினால் விளக்கு எரியும், மணி அடிக்கும், மேளம் கொட்டும். தாமதம் அரை விநாடி.

இதோடு நின்றிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் என் கவலை நிற்குமா? நல்ல நேரத்தில் விளக்கு எரியாமல் போனால்? மணி அடிக்காமல் போனால்? ஆகவே ஒரு சுய பரிசோதனையைச் சேர்த்தேன். மின்சாரம் வந்து பூச்சி கண்விழித்ததும், முதல் வேலையாக விளக்கை எரித்து மணியை மூன்று விநாடி அடித்துப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் கடிகாரம். பூச்சிக்குத் தானாக மணி தெரியாது. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. சரியாக ஒன்பது மணிக்கு நானே சுவிட்சைப் போடப் போகிறேன். ஆகவே கண்விழிக்கும்போதெல்லாம் மணி ஒன்பது என்று வைத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டேன்.

கல்யாண நடுவில் அது இன்னொரு முறை தூங்கி எழுந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன் இந்த ஒன்றுக்குக் கவலைப்படவில்லை.

எச்சரிக்கை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு முறை வந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்து 214 முறை பித்தானை அமுக்கிச் சோதித்தேன். 214 முறையும் சரி. நடுவில் ஒருநாள், நான் பித்தானைத் தொடாதபோதே விளக்கு எரிந்து, மணி அடித்து, கடிகாரம் ஒன்பதுக்குத் திரும்பியது. அந்தக் கணம் கமலா சமையலறையில் மிக்ஸியை நிறுத்தியிருந்தாள். விஞ்ஞான மனம் உள்ளவன் என்ன செய்வான்? காரணத்தைத் தேடுவான். நான் சமையலறைக்குப் போய், "நான் சோதிக்கும்போது மிக்ஸி போடாதே," என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒன்றை எண்ணிக்கையிலும் சேர்க்கவில்லை.

இரண்டாவது எச்சரிக்கை, மண்டபத்தில் மைக்கும் விளக்கும் பார்த்துக்கொள்கிற கன்னியப்பன். முதல்நாள் மாலை நான் கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். என் வயதுக்காரர்.

"இன்னா சார் இது, பாம் கணக்கா கீது?"

விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார். ஆனா இந்த பிளக்ல சொருவாத. இதே லைன்லதான் கிச்சன் கிரைண்டர் மூணும் ஓடிக்கினு கீது. மேடைக்குத் தனி லைன் கீது, அதுல போட்டுக்கோ."

மேடை லைனுக்குப் போனால் இன்னும் பதினொரு மீட்டர் கம்பி வேண்டும். தவிர வீடியோவில் தெரியும். "கிரைண்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டேன். மின்னியல் வாத்தியார் கேட்ட கேள்வி இது.

"அத்த நீதான் சார் சொல்லணும். வாத்தியாரு நீ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு நான் சுவிட்சைப் போட்டபோது மணி அடித்தது; நல்லவேளை, தவில்காரர் இன்னும் வந்து உட்காரவில்லை. இனி, ஒன்பது பதினேழு. நான் வாசலில் சந்தனக் கிண்ணத்துப் பக்கம் நிற்கிறேன். உள்ளே மணி கிணுகிணுத்தது. விளக்கு எரிந்தது. தவில் இடித்தது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. 612 பேரும் எழுந்து கையிலிருந்த அட்சதையை வீசினார்கள் (ஒவ்வொரு நாற்காலியிலும் பொட்டலம் போட்டு வைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை). மேடையில் அப்போது இருந்தது இரண்டே பேர்: மாப்பிள்ளை நாகராஜன், அவருக்கு எதிரே ஹோமப் புகைக்குள் புரோகிதர். அட்சதை இருவர் மேலும் சமமாக விழுந்தது.

"நல்ல பொருத்தம்," என்றார் பின்வரிசையில் ஒருவர்.

நான் தவில் வித்வான் சிங்காரத்திடம் ஓடினேன். "ஏன் அடிச்சீங்க?"

"விளக்கு எரிஞ்சிச்சுங்க. எரிஞ்சா அடிக்கணும், யார் மூஞ்சியையும் பாக்கக்கூடாது, கேள்வி கேக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் கேள்வியே கேக்கலீங்களே."

புரோகிதரிடம் ஓடினேன். "சாமி, முழங்கை பட்டுடுச்சா?"

"நான் தொடவே இல்லை. எனக்கு அதைப் பார்த்தாலே பயமா இருக்கு," என்றார் தலையிலிருந்து அரிசியைத் தட்டியபடி. இருந்தாலும் முழங்கைதான் என்று நான் முடிவுகட்டினேன். பித்தானை ஓர் அடி தள்ளி வைத்தேன். பெட்டியின் நெற்றியில் மணி 9:02 என்று இருந்தது. என் கண்ணில் படவில்லை.

ஒன்பது நாற்பத்தொன்றுக்கு மின்சாரம் போயிற்று. அரை நிமிஷத்தில் ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. விளக்குகள் வந்தன, கூடவே பூச்சியும் கண்விழித்தது. விளக்கு, மணி, மேளம். உமா அப்போதுதான் மாலையோடு மேடையை நோக்கிப் பாதி தூரம் வந்திருந்தாள். அட்சதை கொஞ்சம் அவள் மேல், கொஞ்சம் மாப்பிள்ளை மேல், பெரும்பகுதி இருவருக்கும் நடுவில் இருந்த வெறும் தரையில்.

உமா என்னைக் கடந்து போகும்போது உதடு அசையாமல் சொன்னாள். "அப்பா, அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணத்துல போடுங்க."

"இது ஜெனரேட்டரால வந்ததும்மா. இனிமே வராது."

அப்போதாவது பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் 214 முறையும் பொய் என்றாகிவிடும். நிமிர்ந்து நின்றேன்.

மூன்றாவது, பத்து மணி நான்கு நிமிஷத்துக்கு. தாலியைத் தேங்காய்த் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்காக வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் பாலிடெக்னிக் பிரின்சிபால், கட்டைப் பிரம்மச்சாரி, பக்திப் பரவசத்தோடு தட்டை இரு கையிலும் வாங்கினார். அந்தக் கணம் பார்த்து வீடியோக்காரர் தன் ஆயிரம் வாட் விளக்கை அணைத்தார். மணி. விளக்கு. மேளம். தாலி அவர் கையில், எஞ்சியிருந்த அட்சதை அத்தனையும் அவர் தலையில். மறுநாளிலிருந்து மூன்று நாள் அவர் லீவு.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மேளம் அடங்கியபோது ஹாலில் ஒரு முணுமுணுப்பு கிளம்பி மேடைவரை போனது. மேடையில் மாப்பிள்ளையின் அத்தை எழுந்து நின்றார். பிரமு அத்தை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற குடும்பம். கல்லாவில் உட்காருவது அத்தை. நாகராஜனை வளர்த்தவரும் அவர்தான். அவர் சரி என்றால் சரி. இல்லை என்றால் அந்த வீட்டில் பாலும் காயாது.

"சம்பந்தி, இங்க வாங்க," என்றார். போனேன்.

"ஒரு தடவ மேளம் தப்புச்சுன்னா தவில்காரன் தப்பு. ரெண்டு தடவன்னா கரண்டு தப்பு. மூணு தடவன்னா மேல இருக்கவன் என்னமோ சொல்லுதான்லா? ஒங்க பிள்ள நல்ல பிள்ள, கொற ஒண்ணும் கெடையாது. ஆனா எனக்கு மனசு ஒப்பல. நிறுத்திருவோம். தை மாசம் வேற நாள் பாத்துக்கிடுவோம்."

கமலா என் கையைப் பிடித்தாள். உமா தலையைக் குனிந்துகொண்டாள். நெற்றிச் சுட்டி ஆடியது. தை மாதம் என்பது ஐந்து மாதம். ஐந்து மாதத்தில் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். மூன்று கெட்டிமேளம் கொட்டியும் தாலி ஏறாத பெண் என்று பேசும்.

புரோகிதர் சமாதானம் சொல்ல முயன்றார். "அவசரப்படாதீங்கோ. நேரம் நிறைய இருக்கு. ஒன்பது ஆறுதானே ஆறது?"

அத்தை தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "சாமி, மணி பத்து பத்து."

புரோகிதர் என் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மந்திரத்தை எல்லாம் அவ்வளவு சாவகாசமாகச் சொன்னது அந்தச் சிவப்பு எழுத்தை நம்பித்தான். பத்தரைக்கு ராகுகாலம். இன்னும் இருபது நிமிஷம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகக் கூடியது. கடிகாரம் ஒன்பதிலேயே நிற்கிறதென்றால் பூச்சி திரும்பத் திரும்ப இறந்து பிறந்துகொண்டிருக்கிறது. முழங்கையும் இல்லை, சகுனமும் இல்லை. மிக்ஸி! அன்றைக்கு நான் எண்ணாமல் விட்ட அந்த ஒன்று!

மைக்கை வாங்கினேன். "பெரியவர்களே, இது தெய்வக்குற்றம் இல்லை. என் குற்றம். இந்தப் பெட்டியை வடிவமைத்தது நான். ஐந்து வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் ஒரு..."

"சார், க்ளாஸ் எடுக்காத. மேட்டருக்கு வா," என்றார் கீழேயிருந்து கன்னியப்பன்.

மேட்டருக்கு வந்தேன். பக்கத்தில் மோட்டாரோ பெரிய விளக்கோ போட்டு நிறுத்தினால் கம்பியில் ஓர் உதறல் வருகிறது. அந்த உதறலில் என் கருவி மயங்கி விழுந்து எழுகிறது. எழுந்ததும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள விளக்கை எரிக்கிறது. அப்படிச் செய்யச் சொல்லி எழுதியவனும் நான்தான். இதைச் சொல்ல எனக்கு மூன்று நிமிஷம் ஆனது. 612 பேருக்கு முன்னால் ஒரு வாத்தியார் தன் விடைத்தாளைத் தானே திருத்திப் பூஜ்யம் போட்டுக்கொண்ட நேரம் அது.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பம் இது சாமி இல்ல, ஒங்க பெட்டிதாங்கிய?"

"ஆமாம்மா."

"பிள்ளைக்காண்டி நீங்க எதையும் சொல்லுவீய. நான் எப்படி நம்புதது? இப்பம் செஞ்சு காட்டுங்க."

இதில் ஓர் இயற்கை விதி இருக்கிறது. கருவி வேலை செய்ய வேண்டும் என்று நினைக்கும்போது பழுதாகும்; பழுதாக வேண்டும் என்று நினைத்தால் வேலை செய்யும். வீடியோக்காரர் விளக்கைப் போட்டார், ஒன்றும் இல்லை. அணைத்தார், ஒன்றும் இல்லை. சமையலறையில் ஒரு கிரைண்டரை ஓடவிட்டார்கள். பெட்டி 9:14 என்று அமைதியாகக் காட்டியது. வாழ்நாளில் முதல்முறையாக நான் செய்த ஒரு சாதனம் கெட்டுப்போக வேண்டும் என்று கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டேன். நிஜமான மணி பத்து பதினெட்டு.

"நல்லாத்தானய்யா இருக்கு?" என்றார் அத்தை. "கடையிலயும் இப்படித்தான். குக்கர் ஒழுகுதும்பாக. நான் தண்ணி ஊத்திப் பாத்தா சொட்டாது."

"யம்மா, ஒரு நிமிட்டு," என்று கன்னியப்பன் சமையலறைப் பக்கம் ஓடினார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "சார்! ஓட வுட்டா வராது சார், நிறுத்தும்போதுதான் வரும்! மூணையும் ஒண்ணா ஓடவுட்டு ஒண்ணா நிறுத்துறேன் பாரு!"

மூன்று கிரைண்டர்களும் ஒன்றாகக் கடகடத்தன. ஒன்றாக நின்றன.

சிவப்பு எழுத்து அணைந்தது. 9:00 என்று எரிந்தது. மணி கிணுகிணுத்தது. விளக்கு எரிந்தது. சிங்காரம், சொன்ன சொல் தவறாத மனிதர், யார் முகத்தையும் பார்க்காமல், கேள்வி கேட்காமல் அடி அடியென்று அடித்துத் தீர்த்தார்.

612 பேரும் கைதட்டினார்கள். கல்யாணத்தில் ஒரு கருவி பழுதானதற்காகக் கைதட்டல் வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அத்தை மேடையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் சம்பந்தி, தூங்கி எந்திச்சவன் மொதல்ல என்ன செய்யணும்? மணி என்ன, நாம எங்க கெடக்கோம்னு சுத்திமுத்திப் பாக்கணும்லா? எந்திச்ச ஒடனே மேளம் அடின்னு ஊரக் கூட்டுனா எப்படி?"

ஆறு வார மாலை வகுப்பில், இரண்டு கனமான புத்தகத்தில், யாரும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

"சரி, நேரம் போகுது. மொதல்ல அந்தச் சனியனப் பிடுங்குங்க," என்றார் அத்தை. பிடுங்கினேன். அட்சதை ஒரு மணிகூட மிச்சமில்லை. சமையல்காரர் அவசரத்தில் ஓர் அண்டாவில் புழுங்கலரிசியை மஞ்சளில் புரட்டிக் கொண்டுவந்தார். "பச்சரிசிதானே போடணும்..." என்று புரோகிதர் இழுத்தார். "எந்த அரிசியா இருந்தா என்ன சாமி, மனசு வெள்ளையா இருந்தாப் போதும். கட்டச் சொல்லுங்க," என்றார் அத்தை.

பத்து இருபத்தைந்துக்குப் புரோகிதர் விரலைத் தூக்கி ஆட்டினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" சிங்காரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் பாதிப் பேர் அவரைப் பார்த்து, "அடிங்க, அடிங்க!" என்று கத்த, ஆறு விநாடி கழித்து அடித்தார். (ஆமாம், எண்ணினேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது.) அந்த ஆறு விநாடியில் மூன்று பேர் தும்மினார்கள். உமா தலை நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

மறுவாரம் பெட்டியைப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க வெட்கமாக இருந்தது. பந்தியில் ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பதில்லையா? விக்கல் எடுத்தவன் கிணற்றடிக்கு ஓடக்கூடாது என்றுதானே? அதுபோல ஒவ்வொரு சிப்பின் காலடியிலும் ஒரு சின்னக் கெபாசிட்டர் வைக்க வேண்டும். மின்சாரம் ஒரு கணம் தடுமாறினால் அது கைகொடுக்கும். புத்தகத்தில் ஒன்பது இடத்தில் போடச் சொல்லியிருந்தது. போடாமலே மேஜையில் ஓடுகிறதே என்று ஒன்பதையும் விட்டிருந்தேன். என் முப்பத்திரண்டு மீட்டர் கம்பி, கிரைண்டர் கம்பிகளோடு தோளோடு தோள் சேர்ந்து ஓடி, அவை பேசியதை எல்லாம் ஒட்டுக்கேட்டு வந்து பூச்சியின் காதில் ஓதியிருக்கிறது. மணியை இயக்கிய ரிலே என்கிற மின்காந்த சுவிட்சுக்கு, அதன் உதறலை அடக்கும் ஒரு டயோடு போடவில்லை. அது அணையும்போதெல்லாம் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன இடி. பூச்சி மயங்கினால் தட்டி எழுப்ப ஒரு காவல்காரச் சுற்று இல்லை. எழுந்தபின் எங்கே விட்டோம் என்று பார்த்துக்கொள்ள, பேட்டரியில் உயிர்வாழும் ஒரு குறிப்பேடும் இல்லை.

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். கமலாவை அழைத்து, "மிக்ஸி போடு," என்றேன். போட்டாள். "நிறுத்து." நிறுத்தினாள். "மறுபடியும்." ஒரு மாதத்தில் மூவாயிரம் முறை ஆனதும், "இனிமே சட்னிக்கு மட்டும்தான் போடுவேன்," என்று சொல்லிவிட்டாள்.

முகூர்த்த மித்ரா அப்புறம் எந்த முகூர்த்தத்துக்கும் போகவில்லை. ஆனால் அடுத்த வருஷம் அதே மண்டபத்துக்காரர் மேல்தொட்டித் தண்ணீர் அளவைப் பார்த்து மோட்டாரை இயக்கும் ஒரு கருவி கேட்டார். செய்துகொடுத்தேன். கன்னியப்பன் அதை வேண்டுமென்றே அந்த கிரைண்டர் லைனிலேயே மாட்டினார். பத்து வருஷம் ஓடியது. ஒருமுறைகூட எழுந்தவுடன் சத்தம் போடவில்லை. எழும், தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கும், பிறகுதான் மோட்டாரைத் தொடும். பாலிடெக்னிக்கில் ஓய்வுபெறும்வரை இதற்கு 'அத்தை விதி' என்று பெயர் சொல்லித்தான் பாடம் நடத்தினேன். பரீட்சையில் ஒரு மாணவி 'அத்தை விதியை விளக்குக' என்று தானே கேள்வி எழுதித் தானே பதிலும் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

எங்கள் வீட்டில் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து நான் எதற்காவது சத்தம் போட்டால், உமாவின் பிள்ளைகள் இரண்டும் ஒரே குரலில், "தாத்தா, மொதல்ல மணி என்னன்னு பாருங்க!" என்பார்கள். குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னைப் பிளக் இருக்கும் சுவரிலிருந்து தள்ளித்தான் உட்கார வைக்கிறார்கள்.

செலவுக் கணக்கு ஒன்று பாக்கி. கல்யாணச் சாப்பாடு முடிகிற நேரத்தில் சிங்காரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே வந்தார்.

"பேசினது ஒரு கல்யாணத்துக்குங்க. ஒரு கல்யாணத்துக்கு ஒரு கெட்டிமேளம். இன்னிக்கு அஞ்சு அடிச்சிருக்கேன். நாலு கூடுதல். ஒண்ணுக்கு நூத்தியொண்ணு வச்சுக் குடுத்துடுங்க."

நியாயம்தான் என்று சட்டைப்பையில் கைவிட்டேன். பக்கத்து இலையில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரமு அத்தை நிமிர்ந்தார். "இருங்க சம்பந்தி. வித்வான், மூணு தப்பா அடிச்சது. சரி, அது ஒங்களுக்குச் சேரவேண்டியது. நாலாவது, பெட்டிய சோதிச்சுப் பாக்க அடிச்சது. எங்க கடையில சோதிச்சுப் பாக்கக் காசு வாங்குதது கெடையாது."

சிங்காரம் அத்தையின் முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்கவில்லை. நான் முந்நூற்று மூன்று ரூபாயை எண்ணி, வெற்றிலைமேல் வைத்துக் கொடுத்தேன்.